டாக்டர் ஹூ மேகசின்: தொடர் தூங்கும்போது விழித்திருக்கும் இதழ்

டாக்டர் ஹூ மேகசினுக்குச் சந்தா கட்டலாமா என்று கேட்பவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வது இதுதான்: தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது கட்டாதீர்கள், நின்றிருக்கும்போது கட்டுங்கள். கேட்டவர்கள் சிரித்துவிடுவார்கள். ஒரே ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பற்றி வெளிவரும் இதழை, அந்தத் தொடரே வராத காலத்தில் காசு கொடுத்து வாங்குவதா? என் நாத்தனார் மகன் நேரடியாகவே கேட்டான்: "அத்தை, தொடரே இல்லாதபோது இவர்கள் என்னத்தைத்தான் எழுதுவார்கள்?"

நியாயமான கேள்வி. 2025 மே 31 அன்று கடைசி எபிசோடு ஒளிபரப்பானது. டிஸ்னியுடன் பிபிசி வைத்திருந்த கூட்டு அந்த ஆண்டே முடிவுக்கு வந்தது. அடுத்து 2026 கிறிஸ்துமஸுக்கு ஒரு சிறப்பு எபிசோடு என்று அறிவித்தார்கள். இடைப்பட்ட காலத்திலும் இதழ் தன் பாட்டுக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்குப் பதின்மூன்று என்ற கணக்கில், தபால் பெட்டியில் வந்து விழுகிறது. என்ன எழுதுகிறார்கள் என்பதைச் சொல்லத்தான் இந்த விமர்சனம்.

தொடரை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கியது. வெளியே நீலநிற போலீஸ் பெட்டி, உள்ளே மாளிகை அளவு விரியும் ஒரு கலம். அதில் காலத்தின் குறுக்கே பயணம் செய்யும் 'டாக்டர்'. சாகும் தறுவாயில் அவருடைய உடல் மாறி வேறொரு நடிகராக எழுந்து நிற்பார். கதாநாயகன் ஓய்வு பெற்றாலும் தொடர் ஓய்வு பெறாமல் இருக்க இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு எந்த நாட்டுத் தொலைக்காட்சியிலும் இல்லை. இவ்வளவு தெரிந்தால் போதும்.

இதழ் பிறந்தது 1979 அக்டோபரில். மார்வெல் நிறுவனத்தின் பிரிட்டிஷ் கிளை, டெஸ் ஸ்கின் என்ற ஆசிரியரின் கீழ், 'டாக்டர் ஹூ வீக்லி' என்ற பெயரில் சிறுவர்களுக்கான வாரப் பத்திரிகையாக இதைத் தொடங்கியது. விலை 12 பென்ஸ். தேய்த்தால் தாளில் ஒட்டிக்கொள்ளும் படங்களை இலவசமாக வைத்துத் தந்தார்கள். சாணித்தாள் என்று நம் ஊரில் சொல்வோமே, அதற்கு அண்ணன் முறை வரும் தாள். அடுத்த ஆண்டு செப்டம்பரில், நாற்பத்து நான்காம் இதழோடு, வாரப் பத்திரிகை மாத இதழாகிவிட்டது. பொதுவாக ஒரு வாரப் பத்திரிகை மாத இதழாவது மூடுவிழாவுக்கு முந்திய சடங்கு. இங்கே அதுவே ஆயுளைக் கூட்டியது. மாதம் ஒன்று என்றானதும் நீளமான பேட்டிகளுக்கும் தயாரிப்பு வரலாற்றுக்கும் இடம் கிடைத்தது. தேய்த்து ஒட்டும் படத்துக்காக வாங்கிய பையன்கள் வளரும்போது இதழும் கூடவே வளர்ந்தது.

1995இல் பனினி நிறுவனம் மார்வெலின் பிரிட்டிஷ் கிளையை வாங்கியபோது இதழும் கைமாறியது. 2010இல், ஒரு தொலைக்காட்சித் தொடரை அடிப்படையாகக் கொண்டு மிக நீண்ட காலம் வெளிவரும் இதழ் என்று கின்னஸ் சான்றிதழ் கொடுத்தது. 2016இல் ஐந்நூறாவது இதழ் வந்தது. சாதனைகளை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். கின்னஸ் சான்றிதழ் எந்தக் கட்டுரையையும் சுவையாக்கிவிடாது.

சுவை எங்கிருந்து வந்தது என்றால், படக்கதையிலிருந்து. முதல் இதழிலேயே 'அயர்ன் லீஜன்' தொடங்கியது. ரோமப் பேரரசு வீழாமலே இருந்துவிட்ட இன்னொரு பிரபஞ்சத்திலிருந்து இயந்திரப் படைவீரர்கள் ஓர் ஆங்கிலேய கிராமத்துக்குள் அணிவகுத்து வருகிறார்கள். எழுதியவர்கள் பாட் மில்ஸும் ஜான் வாக்னரும். வரைந்தவர் டேவ் கிப்பன்ஸ். பிற்பாடு காமிக்ஸ் உலகில் பெரும்புள்ளியான ஆலன் மூர் இதன் பின்பக்கங்களில் குட்டிக்கதைகள் எழுதிக்கொண்டிருந்தார். டாக்டரின் பரம எதிரிகளான டாலெக்குகளை ரம்பத்தால் வெட்டித் தள்ளும் ஆப்ஸலம் டாக் என்ற முரட்டுக் குற்றவாளியை 1980இல் வரைந்த ஸ்டீவ் டில்லனுக்கு அப்போது பதினெட்டு வயது நிரம்பியிருக்கவில்லை. தொலைக்காட்சியில் அட்டைப்பெட்டிச் சுவர்களும் ரப்பர் முகமூடிகளுமாக ஓடிக்கொண்டிருந்த அதே கதையுலகம், செலவே இல்லாத கறுப்பு மையில் ஆயிரம் விண்கலங்களாகப் பறந்தது. பட்ஜெட் என்ற ஒன்று காகிதத்துக்குக் கிடையாது என்பதை இந்த இளைஞர்கள் முதல் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டார்கள்.

அந்தக் காலத்துப் படக்கதைகளில் 'ஸ்டார் பீஸ்ட்' எனக்குத் தனிப் பிரியம். 1980இல் வந்தது. பிளாக்காஸில் என்ற கற்பனையான எஃகு ஆலை நகரம், இரண்டு பள்ளிப் பிள்ளைகள், அவர்களிடம் அடைக்கலம் தேடிவரும் வட்டக் கண்ணும் பஞ்சு மேனியுமான ஒரு பிராணி. துரத்தி வரும் பூச்சிமுக வீரர்கள்தான் வில்லன்கள் என்று நினைத்து நாம் பதறும்போது, பஞ்சு மேனிப் பிராணியின் மனதுக்குள் ஓடும் எண்ணங்களைக் கிப்பன்ஸ் நமக்கு மட்டும் காட்டிவிடுவார். அது பீப் என்ற கொடுங்கோலன். அந்தக் கதையின் பிள்ளைகளில் ஒருத்தியான ஷாரன், டாக்டருடன் பயணம் போன முதல் கறுப்பினத் துணைவி. தொலைக்காட்சி அந்த அளவுக்கு வர இன்னும் கால் நூற்றாண்டு பிடித்தது. 2023 நவம்பர் 25 அன்று, அறுபதாம் ஆண்டுக் கொண்டாட்டத்தின் முதல் எபிசோடாக இதே 'ஸ்டார் பீஸ்ட்' திரைக்குப் போனது; பீப்புக்குக் குரல் கொடுத்தவர் மிரியம் மார்கொலிஸ். ஓர் இதழின் நடுப்பக்கத்தில் பிறந்த பிராணியைத் தாய்த் தொடரே நாற்பது ஆண்டு கழித்துத் தத்தெடுத்துக்கொண்டது.

இப்போது நாத்தனார் மகனின் கேள்விக்கு வருகிறேன்.

1989 டிசம்பர் 6 அன்று தொடர் நின்றது. ரத்து என்று பிபிசி வாய் திறந்து சொல்லவில்லை. அடுத்த பருவத்தைத் தயாரிக்கவில்லை, அவ்வளவுதான். 1996 மே மாதம் ஒரே ஒரு தொலைக்காட்சிப் படம் வந்து போனது. மறுபடி முழுத் தொடராக வந்தது 2005 மார்ச் 26 அன்று. நடுவில் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல். இந்தக் காலம் முழுவதும் இதழ் ஒரு முறைகூட மூடப்படவில்லை. செய்தி இல்லை, புதுப் படம் இல்லை, பேட்டி எடுக்க நடப்பு நடிகர் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு இதழையும் நிரப்பியாக வேண்டும்.

நிரப்பிய விதம்தான் இந்த இதழை இன்றைய இதழாக்கியது. புதுச் செய்தி இல்லாததால் பழையதைத் தோண்டினார்கள். ஆண்ட்ரூ பிக்ஸ்லி பிபிசியின் ஆவணங்களை அலசி, ஒவ்வொரு கதையும் எந்த அரங்கில், எந்தத் தேதியில், எந்தத் தகராறுகளுக்கு நடுவே பதிவானது என்று எழுதினார். இப்படி நுணுக்கி எழுதும் வழக்கத்துக்கு முதல் வாரங்களிலேயே அடி போட்டவர் ஜெரமி பெந்தம். அதே பெயர் கொண்ட தத்துவஞானி அல்ல, ரசிகர் சங்கத்துக்காரர். கல்வெட்டு ஆய்வாளரின் பொறுமையோடு ஒரு சிறுவர் நிகழ்ச்சியை அணுகியவர்கள் இவர்கள். கேலி செய்பவர்கள் செய்யலாம். பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் அறுபதுகளையும் எழுபதுகளையும் பற்றி, அரங்க வாடகை முதல் ஒலிப்பதிவு நாடா வரை, இவ்வளவு விவரமாக ஆவணப்படுத்திய வேறு ஜனரஞ்சகப் பத்திரிகை எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

இதில் ஒன்றை மட்டும் கிட்டத்தில் வைத்துக் காட்ட வேண்டும். பிபிசி தன் பழைய நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்திய காலம் ஒன்று உண்டு. அதில் டாக்டர் ஹூவின் முதல் ஆறு பருவங்களிலிருந்து கிட்டத்தட்ட நூறு எபிசோடுகள் போயே போய்விட்டன. ஆனால் ஜான் கூரா என்றொரு மனிதர் இருந்தார். தொலைக்காட்சியில் எபிசோடு ஒளிபரப்பாகும்போது, திரைக்கு எதிரே கேமராவை நிறுத்தி, எபிசோடுக்கு அறுபது எழுபது ஸ்டில்கள் எடுத்து, அவற்றைத் தயாரிப்பாளர்களுக்கும் நடிகர்களுக்கும் விற்பதைத் தொழிலாக வைத்திருந்தார். வீடியோ இல்லாத காலத்தில் நடிகர்களுக்குத் தம் முகத்தைத் தாமே பார்க்க அதுதான் வழி. அந்தப் படங்களில் ஒரு பெரும் தொகுதி 1993இல் காவர்ஷமில் உள்ள பிபிசி எழுத்தாவணக் காப்பகத்தில் அகப்பட்டது. இதழ் அவற்றை வரிசையாக அச்சிடத் தொடங்கியது.

அந்தப் பக்கங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தபால்தலையைவிடச் சற்றே பெரிய சாம்பல்நிறச் சதுரங்கள், வரிசை வரிசையாக. ஒவ்வொன்றின் கீழும் அந்த நிமிடத்தில் கதையில் என்ன நடக்கிறது என்று இரண்டு வரி. இரண்டாவது டாக்டராக நடித்த பேட்ரிக் டிராட்டன் பாதி கண் சிமிட்டியபடி உறைந்திருப்பார். ஒரு சதுரத்தில் கதவு மூடியிருக்கும். அடுத்ததில் திறந்து யாரோ உள்ளே வந்திருப்பார். யார் திறந்தது என்பதைக் கீழே உள்ள வரிதான் சொல்லும். படத்துக்கும் படத்துக்கும் நடுவே உள்ள இருபது விநாடியை வாசகர் தன் தலைக்குள் ஓட்டிக்கொள்ள வேண்டும். அழிந்துபோன ஒரு நாடகத்தைக் காகிதத்தில் பார்க்கும் அனுபவம் இது. 2013இல் இவற்றைத் திரட்டிச் சிறப்பு மலர்களாகவும் வெளியிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில், நைஜீரியாவில் கிடைத்த ஒன்பது எபிசோடுகள் பற்றிய அறிவிப்பு வந்தது. சதுரங்களாக மட்டும் தெரிந்த முகங்கள் அசையத் தொடங்கின. மலரைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு நான் அவற்றைப் பார்த்தேன். சில இடங்களில் என் தலைக்குள் ஓடிய நாடகமே மேலானதாக இருந்தது.

தொடர் இல்லாத காலத்தில் படக்கதைக்குத்தான் யோகம் அடித்தது. 1996 படத்தில் ஒரே இரவு தோன்றி மறைந்த எட்டாவது டாக்டருக்கு, பால் மெக்கானின் முகத்தோடு, ஒன்பது ஆண்டு வாழ்க்கையை இதழ் கொடுத்தது. ஸ்காட் கிரேயின் எழுத்து, மார்ட்டின் ஜெராட்டியின் கோடு. கட்டுப்படுத்த மேலே தொடர் எதுவும் இல்லாததால் துணிச்சலுக்கும் குறைவில்லை. 1998இல் ஒரு தொடர்கதையின் முடிவில் டாக்டர் செத்து, மொட்டைத்தலையோடு வேறொருவராக எழுந்தார். புதிய டாக்டரை ஒரு பத்திரிகையே நியமித்துவிட்டதாக வாசகர்கள் நம்பினார்கள். அடுத்த கதையில்தான் அது முழுக்க நாடகம், உண்மையான டாக்டர் மறைந்திருந்தார் என்று தெரிந்தது. வாசகர்களின் காலை வாரிவிடுவதற்கும் ஒரு தைரியம் வேண்டும். ஏமாந்த வாசகர் அடுத்த இதழையும் வாங்குவார் என்ற நம்பிக்கை இல்லாமல் எந்த ஆசிரியரும் அதைச் செய்ய மாட்டார்.

இந்தக் காலத்தின் கடைசிக் கதை 'தி ஃபிளட்'. லண்டன் காம்டன் சந்தைக்குள் சைபர்மேன்கள் என்ற இயந்திர மனிதர்கள் நுழைகிறார்கள். 2005இல் தொடர் மீண்டு வருகிறது என்றானபோது, எட்டாவது டாக்டர் ஒன்பதாவதாக மாறும் கட்டத்தைப் படக்கதையிலேயே காட்டிக்கொள்ள புதிய தொடரின் தலைமை எழுத்தாளர் ரஸல் டி டேவிஸ் அனுமதி கொடுத்தார். எந்த ரசிகனும் கனவில்கூடக் கேட்கத் துணியாத வரம். ஆசிரியர் குழு யோசித்துவிட்டு வேண்டாம் என்றது. மாறிய பிறகு புதிய டாக்டரைத் தாம் நினைத்த துணைவியோடு தாம் நினைத்தபடி சில காலம் நடத்த வழியில்லை; மாற்றத்தை மட்டும் வரைந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வதில் அவர்களுக்கு விருப்பமில்லை. அதனால் கதையை ஒரு சூரிய உதயத்தில் நடக்கவிட்டு முடித்துக்கொண்டார்கள். 2013 நவம்பரில் பிபிசி எட்டாவது டாக்டரின் மாற்றத்தைத் தன் குறும்படத்தில் காட்டியது. அவர் மாறி எழுந்தது ஒன்பதாவதாக அல்ல, ஜான் ஹர்ட் நடித்த வேறொரு டாக்டராக. இதழ் அன்று ஆசைப்பட்டிருந்தால் அதன் மணிமகுடமான பக்கம் எட்டே ஆண்டில் செல்லாக்காசாகியிருக்கும். தொகுப்பு நூலின் பின்னிணைப்பில் இந்தக் கதையெல்லாம் ஆசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். கதையைவிடப் பின்னிணைப்பை நான் அதிக முறை படித்திருக்கிறேன்.

இனி, இன்றைய இதழ். அட்டை வழவழப்பு, அச்சு அருமை. வண்ணம் எங்கும் வழியவில்லை. படக்கதை 2001இல் முந்நூறாவது இதழிலிருந்து வண்ணத்துக்கு மாறிவிட்டது. கறுப்பு வெள்ளையில் கிப்பன்ஸ் செய்த மாயத்தை வண்ணத்தில் யாரும் இன்னும் செய்யவில்லை என்பது என் கட்சி. 'காலிஃப்ரே கார்டியன்' செய்திப் பக்கம், வாசகர் கடிதங்கள், புத்தகம் மற்றும் ஒலிநாடக விமர்சனங்கள் எல்லாம் வழக்கம்போல. விமர்சனங்கள் எனக்குப் பிடிக்கும். அதிகாரபூர்வ இதழாக இருந்தும், பிபிசி முத்திரை போட்ட பொருளையே சுமார் என்று சொல்லும் முதுகெலும்பு அவற்றுக்கு இருக்கிறது.

முதலில் நான் திருப்பும் பக்கம் 'ஃபாக்ட் ஆஃப் ஃபிக்‌ஷன்'. ஒரு பழைய கதையை எடுத்துக்கொண்டு, முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை உரைகாரர்களைப்போலப் பொழிப்பும் குறிப்பும் எழுதிச் செல்வார்கள். வரைவில் இந்த வசனம் வேறு மாதிரி இருந்தது. இந்த இடத்தில் ஒரு கதாபாத்திரமே வெட்டப்பட்டது. பின்னால் தெரியும் இந்த இயந்திரம் வேறொரு தொடரின் அரங்கிலிருந்து இரவல். ஒரு பத்தி முன்னால் சொன்ன கதையோட்டம் மறப்பதற்குள் அடுத்த குறிப்பு வந்து விழும். பரிமேலழகரைப் பாடமாகப் படித்தவர்களுக்கு இந்த வாசிப்பு முறை ஒன்றும் புதிதல்ல. மூலத்தைவிட உரை நீளமாக இருந்தால் நமக்கு அது குறையே அல்லவே.

1999இல் தொடங்கிய 'டைம் டீம்' பகுதியும் நல்ல யோசனை. சில ரசிகர்கள் கூடி உட்கார்ந்து, 1963 முதல் எபிசோடிலிருந்து ஒன்று விடாமல் வரிசையாகப் பார்த்து, பேசிக்கொண்டதை எழுதினார்கள். பின்னால் 2018இல் இளைய தலைமுறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பழைய குழுவின் அரட்டையில் இருந்த சலிப்பும் நக்கலும் எனக்கு உகந்தவை. புதியவர்கள் எல்லாவற்றையும் கொஞ்சம் அதிகமாகவே ரசித்தார்கள்.

வாக்கெடுப்புகளைச் சொல்லாமல் விட முடியாது. 2009இல், அதுவரை வந்த இருநூறு கதைகளையும் வாசகர்கள் தரவரிசைப்படுத்தினார்கள். முதலிடம் 'கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோஸானி', கடைசி இடம் 'ட்வின் டிலெம்மா'. இரண்டும் 1984 மார்ச்சில் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிபரப்பானவை. ஒரு வாரம் உச்சம், அடுத்த வாரம் பாதாளம்! டாக்டராக பீட்டர் டேவிஸன் செத்து விழும் கடைசிக் கதை முதலிடத்திலும், அடுத்த டாக்டராக கோலின் பேக்கர் கோமாளி அங்கியோடு அறிமுகமாகும் முதல் கதை இருநூறாம் இடத்திலும் வந்தன. 2014இல் மறுபடி வாக்கெடுத்தபோது ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு எபிசோடு முதலிடத்தைத் தட்டிக்கொண்டது. கடைசி இடம் மட்டும் கைமாறவில்லை. ரசிகர்கள் மனம் மாறுவார்கள், ஆனால் எல்லா விஷயத்திலும் அல்ல.

குறைகளுக்கு வருவோம். தொடர் ஓடும் பருவத்தில் இதழ் சப்பென்று ஆகிவிடுகிறது. வரவிருக்கும் எபிசோடுகளுக்கு முன்னோட்டம் என்று பக்கம் பக்கமாகப் படங்கள் இருக்கும். கதையை வெளியே விடக்கூடாது என்ற கட்டுப்பாட்டால் வார்த்தைகளில் சரக்கு இருக்காது. பேட்டி கொடுக்கும் எல்லோரும் எல்லோரையும் புகழ்வார்கள். இயக்குநர் அற்புதம், சக நடிகர் தங்கம், தேநீர் கொடுத்தவர் தெய்வம். அதே மனிதர்களைப் பத்து ஆண்டு கழித்துக் கேட்டால்தான் யார் யாரோடு பேசவில்லை, எந்த அரங்கு இடிந்து விழுந்தது என்பதெல்லாம் வெளிவருகிறது. அதிகாரபூர்வ இதழின் விதி அது. குற்றம் சொல்லிப் பயனில்லை. அதனால்தான் தொடர் நின்றிருக்கும்போது வாங்குங்கள் என்கிறேன். மறைக்க எதுவும் இல்லாதபோது இவர்களுக்கு நாக்கு அவிழ்கிறது.

அதிகாரபூர்வ இதழ் என்பதால் எல்லோரும் அடக்கமாகவே இருந்தார்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். 2017இல் இதழில் எழுதிவந்த ஒரு பத்தியாளர், தன் பத்தியின் வாக்கியங்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் பதிப்பகத்தையும் பிபிசியின் வணிகப் பிரிவையும் வாய்கூசாமல் திட்டும் வாசகம் வரும்படி எழுதிவைத்தார். அச்சாகிக் கடைக்கு வந்தபின் விஷயம் வெளியானது. பத்தி போனது, வேலையும் போனது. சித்திரகவி எழுதி வேலையிழந்தவர் தமிழில்கூட இருந்திருக்க மாட்டார்.

இன்னொரு குறை என் கண்ணுக்குச் சம்பந்தப்பட்டது. கரும்நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்தைப் பொடியாக அச்சிடும் மோகம் இவர்களை விடவில்லை. விண்வெளி என்றால் இருட்டுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறுபது வயதுத் தொடருக்கு அறுபது வயது வாசகர்களும் இருப்பார்கள் என்பதை வடிவமைப்பாளர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். டிஜிட்டல் பதிப்பு இதற்குத் தீர்வு, விரலால் பெரிதாக்கிக்கொள்ளலாம். ஆனால் டேப்லெட்டில் படக்கதையின் எதிரெதிர்ப் பக்கங்கள் பிரிந்துவிடுகின்றன. இரண்டு பக்கம் நீளும் ஒரு விண்கலத்தைப் பாதிப் பாதியாகப் பார்ப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

பாராட்டை இன்னும் ஓரிடத்தில் வைக்க வேண்டும்: அஞ்சலிகள். பிரதான நடிகர் மறைந்தால் எல்லாப் பத்திரிகையும் எழுதும். இந்த இதழ், 1960களில் இரண்டு எபிசோடுக்கு உடை தைத்தவருக்கும், ஒரே ஒரு கதையில் முகமூடிக்குள் வேர்த்து விறுவிறுத்தவருக்கும் இடம் ஒதுக்கும். அந்த மனிதர் எந்தக் கதையில் எந்தக் கதவுக்குப் பின்னால் நின்றார் என்று தேதியோடு எழுதும். அவர் உயிரோடு இருக்கும்போதே பேட்டி எடுத்திருந்தால் அதிலிருந்தும் நாலு வரி சேர்த்திருப்பார்கள். பழைய குழுவினர் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில், அந்தப் பக்கங்களுக்காகவே ஒரு சந்தா தகும்.

பழைய இதழ்களைத் தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எண்பதுகளின் இதழ்கள் பிரிட்டனில் பழைய காமிக்ஸ் கடைகளில் சகாய விலைக்கே கிடைக்கின்றன. முதல் வாரங்களின் இதழ்கள் அப்படியல்ல. தேய்த்து ஒட்டும் படங்கள் தேய்க்கப்படாமல் இருந்தால் விலை ஏறும். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் நான் வாங்கிய ஆரம்பகால இதழில் நடுத்தாளே இல்லை. தாளைப் பிடித்திருந்த கம்பி துருப்பிடித்துத் தாள் கழன்று போயிருந்தது. விளம்பரத்தில் 'நல்ல நிலை'. நல்ல நிலையில் இருந்தது அவருடைய தன்னம்பிக்கைதான். வாங்குமுன் நடுப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கம்பி இருக்குமிடம் தெரியும்படி கேளுங்கள். படக்கதை மட்டும் போதும் என்றால் இந்த வம்பே வேண்டாம். பனினியின் தொகுப்பு நூல்கள் நல்ல தாளில், பெரிய அளவில் இருக்கின்றன. 'அயர்ன் லீஜன்' தொகுப்பிலேயே 'ஸ்டார் பீஸ்ட்'டும் அடங்கியிருக்கிறது.

விலை கூடுதல் என்று முறையிடுபவர்கள் உண்டு. 12 பென்ஸில் தொடங்கிய பத்திரிகை இன்று ஒரு நல்ல மதியச் சாப்பாட்டு விலைக்கு வந்து நிற்கிறது. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் படித்து முடிக்கும் சரக்கல்ல இது. எழுத்து நெருக்கமாக இருக்கும். ஒரு 'ஃபாக்ட் ஆஃப் ஃபிக்‌ஷன்' மட்டுமே ஒரு மாலையைத் தின்றுவிடும். தொடரை 2005க்குப் பிறகு மட்டும் பார்த்தவர்களுக்குப் பாதிப் பக்கங்கள் பிடிபடாது. அவர்கள் முதலில் இரண்டு மூன்று இதழ்களைக் கடையில் தனித்தனியாக வாங்கிப் பார்க்கட்டும். பழைய கதைகளில் ஒரு பத்தாவது பார்த்தவர்கள் யோசிக்கவே வேண்டாம்.

நாத்தனார் மகனுக்குப் பதிலாக 'தி ஃபிளட்' தொகுப்பைக் கொடுத்தேன். பின்னிணைப்பிலிருந்து படிக்கத் தொடங்கியிருக்கிறான். அடுத்து ஆப்ஸலம் டாக் வேண்டுமாம்.